மூச்சுத்திணறலுக்கு ஒரு ஜெபக் குறிப்பு

எங்கள் சபைப் பெண்கள் நடத்திய வாட்ஸ்அப் ஜெபக்குழுதான் நான் கூர்ந்து படித்த முதல் பத்திரிகை. காலைப் பதிப்பு, மாலைப் பதிப்பு, அவசரப் பதிப்பு எல்லாம் உண்டு. ஆசிரியர் மட்டும் கிடையாது. இப்போது நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். ஒரு செய்தி வந்தால் யார் சொன்னது, எப்போது, உறுதியா என்று கேட்ட பிறகுதான் அதைப் பக்கத்தில் வைக்கிறோம். அந்தக் குழுவில் அப்படிக் கேட்டால் விசுவாசக் குறைவு. அதனால்தான் கொரோனா இரண்டாம் அலையின்போது, நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லாத எனக்காக, இரும்புலியூரில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் படியேறி வந்தது.

அப்போது நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி ஆண்டு. கல்லூரி தாம்பரத்தில். நடந்தே போய்விடலாம், ஆனால் ஓராண்டாக அதன் கேட்டைக்கூடப் பார்க்கவில்லை. வகுப்பு, தேர்வு எல்லாம் என் படுக்கையறையில், இஸ்திரி போடும் மேஜையின் மேல். தொடக்கத்தில் எனக்கு அது சொர்க்கம். கேமராவை அணைத்துவிட்டு, வருகையைச் சொல்லிவிட்டு, தோசை சாப்பிடுவேன். வணிகப் பாடம் ஒன்றை முழுக்கவே தூக்கத்தில் முடித்தேன், நல்ல மதிப்பெண் வந்தது. பிறகு கல்லூரி ஒரு சுற்றறிக்கை விட்டது. கேமரா போடாதவர்களுக்கு இனி வருகைப் பதிவு இல்லை.

போட்டேன். மற்றவர்கள் பேராசிரியரைப் பார்த்தார்கள், நான் திரையின் மூலையில் ஒரு சதுரத்துக்குள் இருந்த என்னைப் பார்த்தேன். அந்தப் பெண் எதையோ மறைக்கிறாள் என்று தோன்றியது. பேராசிரியர் என்னைப் பெயர் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். மார்பின் மேல் பாறாங்கல்லை வைத்த மாதிரி இருந்தது என்று எழுதுவது வழக்கம், எனக்கு அப்படி இல்லை. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. ஆனால் அதுவரை தானாக நடந்துகொண்டிருந்த அந்த வேலையை யாரோ சட்டென்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கொஞ்சம் கவனம் தப்பினால் நின்றுவிடும். விரல் நுனிகள் மரத்தன. உதடு என்னுடையதாக இல்லை. மடிக்கணினியை மூடிவிட்டுக் குளியலறைத் தரையில் போய் உட்கார்ந்தேன். அடுத்த வகுப்பிலும் அதேதான். அதற்கடுத்த வகுப்பில், கேமரா பொத்தானை நோக்கிக் கை போகும்போதே வந்துவிட்டது.

அப்பா ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார், அந்த மாதங்களில் எங்கள் கூடத்திலிருந்து. அந்த ஆண்டு வீட்டுக்கு வந்த ஒரே புதுப் பொருள், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க அவர் வாங்கிய ஆக்ஸிமீட்டர். காலையில் காபிக்கு முன்னால் எல்லோர் விரலும் அதற்குள் போயாக வேண்டும். தண்ணீர் கேன் போட வந்தவரின் விரலைக்கூட அவர் விடவில்லை. நான் குளியலறையிலிருந்து வெளிறிப்போய் வெளியே வந்ததும் முதலில் என் விரலைத்தான் பிடித்தார்.

“தொண்ணூத்தொம்பது,” என்றார். “உன் வாழ்க்கையிலேயே நீ வாங்கின பெஸ்ட் மார்க்கு.”

“மூச்சு விட முடியலப்பா.”

“மெஷின் முடியுதுங்குதேம்மா.”

எண்ணை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே நிம்மதியாக இருந்தார். அந்தக் கோடையில் ஊர் முழுக்க மூச்சுக்கு ஒரு வரிசை நின்றது. அதில் சேர எண் குறைவாக இருக்க வேண்டும். என் எண்ணை வைத்துக்கொண்டு அந்த வரிசைப் பக்கம் தலைகாட்டுவதே அநாகரிகம்.

நகராட்சியிலிருந்து வீடுவீடாகக் கணக்கெடுக்க ஒரு அக்கா வருவார். நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி வெப்பமானியைப் பிடித்தபடி கேட்பார்: “வூட்ல யாருக்காச்சும் காய்ச்சல், சளி, மூச்சு வாங்கறது எதுனா கீதுங்களா?” நாங்கள் மூவரும் ஒரே குரலில் “இல்ல” என்போம். ஞாயிறு ஆராதனையில்கூட நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாகப் பாடியதில்லை. முந்தின ஆண்டு எதிர் பிளாக்கில் தொற்று வந்த ஒரு வீட்டுக் கதவைத் தகரம் வைத்து அடைத்ததை எல்லோரும் பால்கனியில் நின்று பார்த்திருந்தோம்.

இப்படியே மறைத்து ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் இறுதியாண்டு ப்ராஜெக்டின் வாய்மொழித் தேர்வுக்கு, அதாவது வைவாவுக்கு, தேதி வந்தது. ஆன்லைனில். வெளிக்கல்லூரித் தேர்வாளர் முன்னால். முழு நேரமும் கேமரா. ப்ராஜெக்ட் இருவர் சேர்ந்து செய்தது என்றால் இருவரும் முகம் காட்ட வேண்டும், ஒருவர் வராவிட்டால் இருவருக்கும் மதிப்பெண் கிடையாது.

என் ஜோடி, கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கடலோரம் ஒரு குப்பத்தைச் சேர்ந்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கேளம்பாக்கம் சந்தையில் மீன் விற்கிறவர். வீட்டுக்குள் சிக்னல் வராது என்பதால் கரையில் ஏற்றி வைத்திருக்கும் படகில் உட்கார்ந்துதான் அவள் வகுப்புக்கு வருவாள். பின்னணி வெற்றுச் சுவராக இருக்க வேண்டும் என்று துறைத்தலைவர் ஒருநாள் கண்டித்தார். “சார், எங்க வூட்டு சுவத்தவிட கடல் ப்ளெய்னா கீது சார்,” என்றாள்.

நாவலூரில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. அரியர் ஏதும் இல்லாமல் பட்டத்தை முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் வைவாவில் உட்காராவிட்டால் எனக்கு ஒரு செமஸ்டர் போகும். அவளுக்கு வேலை போகும்.

“இன்னாடி மச்சி, நேத்து ரெண்டு நிமிசம் மூஞ்ச காமிச்ச, அப்பால ஆளயே காணோம்?” என்று போனில் கேட்டாள்.

“மூச்சு நின்னுடுச்சுடி.”

“நின்னுட்ச்சா? அப்ப இப்ப பேசிகினு இருக்கறது யாரு, ஆவியா?”

“சிரிக்காத. கேமராவப் போட்டாலே வருது.”

“எங்கப்பா படகு கவுந்து கடலுக்குள்ள போய்ட்டு வந்த ஆளு. அவுருக்கே நிக்கல. லேப்டாப்ப பாத்து உனக்கு நிக்குதா?” சிரித்துவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, “வைவா அன்னிக்கும் வருமா?” என்றாள்.

“வரும்னுதான் நெனைக்கிறேன்.”

“பேஜார் பண்ணாதடி. நாவலூர்க்காரன் அரியர் இருந்தா வராதன்னு மெயில்லயே எழுதிக்கீறான்.”

அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் கோபித்துக்கொண்டு போனை வைத்திருக்கலாம்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். பயம் என்பது மாணவர்களிடம் காணப்படும் ஒரு பொருள், வீட்டுப்பாடம் கொடுத்தால் கரையும் என்பது அவளுடைய தொழில் அனுபவம். சில மாணவர்களுக்கு அவளே அந்தப் பொருளை வழங்கியும் இருக்கிறாள். “ரிவிஷன் பண்ணு, போயிடும்,” என்றாள். மறுநாள் வகுப்பு நேரத்தில் அறைக்குள் வந்தபோது நான் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். பார்த்தாள். நேராகப் போய்ப் போனை எடுத்தாள்.

ஜெபக் குறிப்பு என்பது எங்கள் வட்டாரத்தில் ஒரு தனி இலக்கிய வகை. தேவையை ஓரிரு வரியில் குழுவில் போட வேண்டும், மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். எதையெல்லாம் போடலாம் என்பதற்கு எழுதப்படாத விதி உண்டு. முழங்கால் வலி போடலாம். அமெரிக்க விசா போடலாம். பிள்ளையின் கலியாண காரியத்தைத் தாராளமாகப் போடலாம். கணவரின் குடி, வட்டிக்கடன், மகளின் பயம் ஆகியவற்றை ‘குடும்ப சமாதானத்துக்காக’ என்று பொதுவாகக் கடந்துபோக வேண்டும்.

“பயம்னு எப்படிப் போடறது?” என்றாள் அம்மா. “டீச்சரம்மா பொண்ணுக்கு ஏதோ மனக்கோளாறாம்னு, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க வரைக்கும் போகும்.”

“அப்ப போடவே வேணாம்மா.”

“போடாம எப்படிடி சரியாகும்?”

யோசித்து ஒரு வரி போட்டாள்: “என் மகளுக்கு மூச்சுத்திணறல். உருக்கமாக ஜெபியுங்கள்.” ஓர் உதவி ஆசிரியராக இன்று பார்த்தாலும் அந்த வரியில் தவறான தகவல் ஒன்றுமில்லை. திணறியது மூச்சுதான். ஊரே ஆக்சிஜனுக்கு அலைந்துகொண்டிருந்த வாரத்தில் அது போடப்பட்டது என்பதுதான் அதிலிருந்த ஒரே கோளாறு.

கூப்பிய கைகள் மளமளவென்று வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்தில் குழுத் தலைவி ஆன்ட்டி சங்கிலி ஜெபம் அறிவித்தார். நாள் முழுவதையும் அரைமணி அரைமணியாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு, இடைவெளி விழாமல் ஜெபிக்கும் ஏற்பாடு அது. நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் ஒவ்வொருவரும் தன் அரைமணி தொடங்குமுன் எங்கள் வீட்டுக்கு ஒரு போன் போட்டார்கள்.

“இப்ப எப்படி இருக்கா சிஸ்டர்? லேட்டஸ்ட்டா சொன்னீங்கன்னா கரெக்டா ஜெபிக்கலாம்.”

சிலருக்கு என் குரலைக் கேட்க வேண்டும். ஒருவர் போனை என் மார்பின் மேல் வைக்கச் சொல்லி ஜெபித்தார். மணி அடிக்க அடிக்க எனக்கு, கேமரா இல்லாமலே, முதல்முறையாக மூச்சு முட்டியது. அம்மா அதை ‘சற்று அதிகமாகியிருக்கிறது’ என்று குழுவில் பதிந்தாள். போன்கள் இரட்டிப்பாயின. மாலைக்குள் நான் சேலையூரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தேன், மேடவாக்கத்தில் வென்டிலேட்டரில் இருந்தேன். அம்மாவின் பழைய சக ஆசிரியை ஒருவர் இரங்கல் செய்தியே அனுப்பிவிட்டார். அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டி அதைப் படித்தேன். அடக்கமான பிள்ளை என்று என்னைப் பற்றி எழுதியிருந்தார். மற்றபடி நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் சிலிண்டர் வந்தது.

கொண்டுவந்தவர் தலைவி ஆன்ட்டியின் கணவர். ஓய்வுபெற்றவர், அறுபதைத் தாண்டியவர், பழைய ஆம்னி வேனில் அந்த வாரம் முழுக்கச் சபைக்காரர்களுக்காக ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் அடுக்ககத்தின் சங்கம் லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தது, பொத்தானில் கிருமி இருக்கும் என்று. ஆகவே அங்கிளும் வாட்ச்மேன் அண்ணனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். கீழ்வீட்டில் இருந்த சங்கச் செயலாளருக்கு வாட்ச்மேன் படியிலிருந்தே செய்தி கொடுத்தார்.

“சார், சிலிண்டர் ஏத்திகினு கீறோம். மூணாவது மாடி டீச்சரம்மா வூட்டுக்கு.”

செயலாளர் இரண்டு மாஸ்க், ஒரு கையுறையோடு பின்னாலேயே வந்து, அரைமாடி கீழேயே நின்றுகொண்டார்.

“டீச்சர், பாசிட்டிவ்னா அசோசியேஷனுக்கு இன்ஃபார்ம் பண்ணணும்ல? ரூல் இருக்குல்ல?”

“பாசிட்டிவ் இல்ல சார்,” என்றார் அப்பா.

“அப்ப சிலிண்டர் எதுக்கு சார், பலூன் ஊதவா?”

அங்கிள் சிலிண்டரைக் கதவருகே நிறுத்திவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. பேச முடியவில்லை. அப்பாவுக்கு வேறென்ன தெரியும், உடனே அவர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினார். தொண்ணூற்றைந்து. அங்கே நின்றவர்களில் மிகக் குறைந்த எண் சிலிண்டரைச் சுமந்து வந்தவருடையது.

“பேஷண்ட் எங்க?” என்றார் அங்கிள், கொஞ்சம் தேறி.

நான் கையில் இட்லித் தட்டோடு கதவில் நின்றிருந்தேன். “நான்தான் அங்கிள்.”

“நீ இல்லம்மா. பேஷண்ட்.”

அம்மா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, “இப்ப கொஞ்சம் பரவால்ல பிரதர்,” என்றாள். சிலிண்டர் ஏது என்று அப்பா விசாரித்தார். “குரோம்பேட்டைல ஒரு வீட்ல இருந்தது. அவங்களுக்கு இனிமே வேணாமாம்,” என்றார் அங்கிள். குணமாகி வேண்டாமா, வேறு விதமாக வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. அவர் மாஸ்கைச் சரிசெய்தபடியே தொடர்ந்தார்: “பல்லாவரத்துல ஒருத்தர் நேத்துலேந்து கேட்டுட்டிருக்கார். எம்பத்தெட்டுல நிக்குதாம். எங்க வீட்டம்மாதான், சின்னப் பிள்ளைக்கு மொதல்ல குடுங்கன்னுட்டா.”

அம்மா சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். அப்பா ஆக்ஸிமீட்டரைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். இருவரும் யாராவது ஒருவர் சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

“அங்கிள், அத அங்க கொண்டு போயிடுங்க,” என்றேன். “எனக்குத் தொண்ணூத்தொம்பது.”

“மூச்சுத்திணறல்னு போட்டிருந்துச்சேம்மா?”

“திணறுது. பயத்துல.”

“என்ன பயம்?”

“வைவா.”

“வைவாவா?” சிலிண்டரைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அப்ப இத மறுபடி எறக்கணுமா?”

வாட்ச்மேன் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “இன்னா பாப்பா, நேத்தே சொல்லியிருந்தா கீழயே வச்சிருப்போமே!” இந்தமுறை அங்கிளைத் தூக்கவிடவில்லை. அப்பா ஒரு முனை, அவர் ஒரு முனை. திருப்பங்களில் செயலாளர் தன் கையுறைக் கையால் நடுவில் தாங்கிக்கொடுத்தார். தொற்று பற்றிய அவருடைய விதி அந்த மூன்று மாடிக்கு மட்டும் தளர்ந்தது. பல்லாவரத்துக்காரர் பிழைத்துவிட்டார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், படிப்பவரை அந்தக் கவலையோடு கடைசிவரை இழுத்துக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

இறங்குமுன் அங்கிள் அம்மாவிடம் சொன்னார்: “குறிப்ப மாத்திப் போட்டுருங்க சிஸ்டர். செயின் இன்னும் ஓடிட்டிருக்கு.”

அப்பா சுலபமான வழியைச் சொன்னார். மகள் நலமடைந்தாள், ஸ்தோத்திரம் என்று போட்டுவிடலாம். எல்லோருக்கும் சந்தோஷம், யாருக்கும் நஷ்டமில்லை. அம்மா அப்படித்தான் போடுவாள் என்று நானும் நினைத்தேன். அவள் சமையலறை மேடையில் போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

“தப்பாப் போட்ட கணக்குக்கு ரைட்டு போடச் சொல்றீங்களா?” என்றாள் அப்பாவிடம்.

பிறகு தட்டினாள். “என் மகளுக்கு நுரையீரலில் ஒன்றும் இல்லை. கேமரா முன்னால் உட்கார்ந்தால் பயத்தில் மூச்சு முட்டுகிறது. நான் தெளிவாக எழுதவில்லை. அவளுக்கு வைவா இருக்கிறது.”

அந்தக் குழுவின் வரலாற்றில் ஒரு ‘ஆமென்’கூட விழாத முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும். நீல டிக்குகள் மட்டும் வந்தன. நெடுநேரம் கழித்து யாரோ கபசுரக் குடிநீர் தயாரிக்கும் முறையைப் போட்டார்கள், எல்லோரும் பாய்ந்து அதற்கு நன்றி சொன்னார்கள். எங்கள் அலுவலகத்தில் திருத்தம் வெளியிட்டால் உள்பக்கத்தின் மூலையில் வைப்போம், யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில். அம்மாவின் திருத்தத்தை எல்லோரும் படித்திருந்தார்கள்.

தலைவி ஆன்ட்டி போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்தது அவருக்குத் தெரியாது.

“சிஸ்டர், இதெல்லாம் க்ரூப்ல போடலாமா? படிப்புக் காரியம்னு பொதுவாப் போட்டிருக்கலாமே. செயின்ல இருந்தவங்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது?”

“தப்புதான் சிஸ்டர்,” என்றாள் அம்மா.

“சிலிண்டர் வேற.”

“தப்புதான்.”

பிறகு குரல் இறங்கியது. “எங்க பேரனும் மூணு மாசமா ரூம விட்டு வர்றதில்ல. கிளாஸ்னா கதவ சாத்திக்கறான், சாப்பாட வாசல்ல வைக்க வேண்டியிருக்கு. நீங்க டாக்டர் யாரையாவது பாத்தீங்களா?”

அதற்குப் பிறகு தனிச் செய்திகள் வரத் தொடங்கின. குழுவில் ஒரு எழுத்தும் இல்லை, எல்லாம் அம்மாவின் தனிக்கணக்குக்கு. மாடம்பாக்கத்தில் ஒரு பையன் ஆன்லைன் தேர்வன்று வாந்தி எடுக்கிறான். பெருங்களத்தூரில் ஒரு பெண் தோல் உரியும்வரை கை கழுவுகிறாள், வீட்டார் கொரோனாவுக்கு நல்லது என்று பாராட்டிக்கொண்டிருந்தார்களாம். அம்மா விடைத்தாள் திருத்தும் முகத்தோடு ஒவ்வொன்றையும் படித்தாள். இவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கலியாண காரியங்களுக்காக அவள் பல ஆண்டுகளாக ஜெபித்திருக்கிறாள். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“எப்படி வருது? மொதல்லேந்து சொல்லு.”

சொன்னேன். ரிவிஷன் என்ற சொல்லை அவள் உபயோகிக்கவில்லை.

மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் மனநல மருத்துவர் ஒருவர் இருந்தார். சாதாரணக் காலமாக இருந்தால் அந்தப் படியில் கால்வைக்க அம்மா ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டாள். கொரோனா எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் மாஸ்க். ஊரில் யாரும் யாரையும் பார்க்காமலே எங்கும் போய் வரலாம். காத்திருக்கும் அறையில் எதிர் நாற்காலியில் ஒரு பெண்மணி, மாஸ்க்குக்கு மேல் கண்ணாடி மட்டும் தெரிய, ஒரு பையனோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய கைப்பையைப் பார்த்ததுமே, ஜெபக்குழுவில் இருப்பவர்தான் என்று அம்மாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது. இருவரும் சுவரில் இருந்த தொலைக்காட்சியை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள். அது ஓடவில்லை.

மருத்துவர் முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தடுப்பு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை என்று உட்கார்ந்திருந்தார். நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை, அவர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. ஆகவே என் அந்தரங்கம் முழுவதையும் இருவரும் கத்திப் பேசினோம். “செத்துடுவோம்னு தோணுதா?” என்று அவர் கேட்டது கீழே மருந்துக்கடை வரை போயிருக்கும். “அந்த நேரத்துல தோணுது!” என்று நானும் கத்தினேன். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை வாங்கப் போனபோது கடைக்காரர் என்னை மிகுந்த பரிவோடு பார்த்தார்.

பதற்ற நோயால் உயிர் போகாது, ஆனால் அது நடிப்பும் இல்லை என்றார் மருத்துவர். அதை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து, வரும்போது மறைக்கப் பார்க்காதே, வருகிறது என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடு என்றார். திரையில் உன் முகத்தை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அதை மறைக்க ஒரு வசதி இருக்கிறதே என்றும் கேட்டார். இருந்தது. இரண்டு முறை அழுத்தினால் சதுரம் போய்விடுகிறது. மூன்று ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த நான் அதை ஒரு மருத்துவரிடம் தெரிந்துகொண்டேன்.

வைவாவுக்கு முன் என் ஜோடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப எக்ஸ்டர்னல் சார் முன்னாலயே சொல்லப்போறியா?” என்றாள்.

“வந்தா சொல்லுவேன்.”

“சொல்லு. கட் பண்ணி மட்டும் ஓடாத மச்சி. உள்ள இருந்துகினே மூச்ச விடு, வுடாம இரு, இன்னா வேணா பண்ணு. எந்திரிக்காத.”

எங்கள் ப்ராஜெக்ட், மருத்துவமனைப் படுக்கைகளை நிர்வகிக்கும் மென்பொருள். பாதி வகுப்பு நூலகத்தை நிர்வகித்ததால் மீதி வகுப்பு மருத்துவமனையை நிர்வகித்தது. தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாம் அலை வந்திருக்கவில்லை.

வைவாவில் எங்கள் வழிகாட்டியான மேடமும் வெளித்தேர்வாளரான சாரும் இருந்தார்கள். சாருக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில்தான் இருந்தார் என்றாலும் முழுக்கைச் சட்டை, பின்னால் புத்தக அலமாரி. என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார். கல்லூரி பெயர் வரை சொன்னேன். வந்துவிட்டது. விரல்கள் போயின, உதடு போனது.

“நெட்வொர்க் ப்ராப்ளமாம்மா?” என்றார் மேடம்.

“இல்ல மேடம்.” குரல் துண்டு துண்டாக வந்தது. “மூச்சு முட்டுது. கொரோனா இல்ல. பயம். கொஞ்ச நேரத்துல போயிடும்.”

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். என் ஜோடி புகுந்தாள்: “சார், அதுக்குள்ள நான் டெமோ காட்டட்டா சார்?” அலைச் சத்தம் எங்கள் மூவர் காதையும் அடைத்தது.

“அது என்ன சத்தம்?”

“கடல் சார்.”

“கொஞ்சம் ம்யூட் பண்ண முடியுமா?”

“அத எப்பிடி சார்?”

டெமோவை முடித்தாள். எனக்குப் போகவில்லை, ஆனால் கூடவும் இல்லை. எழுந்திருக்கவில்லை. சார் என் பக்கம் திரும்பினார். “நீங்க பதில் சொல்ல முடியும்னா ஒரு கேள்வி. படுக்கை இல்லேன்னா உங்க சிஸ்டம் என்ன பண்ணும்?”

அந்தப் பகுதியை எழுதியவள் நான். “‘படுக்கை இல்லை’ன்னு மெசேஜ் வரும் சார்.”

“அப்புறம்?”

“ஓகே அழுத்தினா… ஹோம் பேஜுக்குப் போயிடும்.”

“வெயிட்டிங் லிஸ்ட்? பக்கத்து ஆஸ்பத்திரி?”

“இல்ல சார். பெட்டே இல்லாமப் போகும்னு… நாங்க நெனைக்கல.”

சாரின் கேமரா அணைந்தது. அவருடைய சதுரம் கறுப்பாகி நடுவில் பெயரின் முதலெழுத்து மட்டும் நின்றது. மேடம் குனிந்து ஏதோ காகிதத்தைப் பார்த்தார். கேமராவுக்கு முன்னால், செய்வதற்கு ஒன்றுமில்லாமல், மூன்று பேருக்கும் தெரியும்படி நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அழகாக இல்லை. உள்ளே போனது, பாதியில் தடுக்கியது, வெளியே வந்தது. போடாமல் விட்ட வெயிட்டிங் லிஸ்டைப் பற்றி யோசித்ததில் ஒன்றிரண்டு மூச்சை மேற்பார்வையிட மறந்தும் போனேன். அவை தாமாகவே நடந்திருந்தன.

சார் திரும்பி வந்தார். நெற்றி முடி நனைந்திருந்தது. “டேட்டாபேஸ்ல எத்தனை டேபிள்?” என்றார்.

ஐந்து என்றேன். “ஆறு சார்,” என்றாள் என் ஜோடி.

மாலையில் மேடம் தேர்ச்சி என்று சொல்லிவிட்டார். என் ஜோடி போனில் கத்தினாள், அவள் அம்மா பக்கத்திலிருந்து என்னை எப்போது சாப்பிட வரப்போகிறேன் என்று கேட்டார். கத்தி முடித்த பிறகு அவள் கேட்டாள்: “ஏய், நடுவுல சாருக்கு இன்னாடி ஆச்சு? கரண்ட் கட்டா?”

“முகம் கழுவிட்டு வந்த மாதிரி இருந்துச்சுடி. பெட் இல்லேன்னதும்தான் கேமராவ அணைச்சார், அவங்க வீட்ல யாருக்காவது…”

அவளும் பார்த்திருக்கிறாள்.

“கரண்ட் கட்டுன்னே வச்சிக்கலாம் மச்சி,” என்றாள். “யார் கேட்டாலும் அதான்.”

வகுப்புக் குழுவில் கேட்டவர்களிடம் நாங்கள் இருவரும் அப்படியே சொன்னோம்.